பாட்டரித் தீயும் லாப வேட்டையும்

இன்று செல்போன் இல்லாத உழைப்பாளி வீடு அபூர்வம். நாளை எந்த வயலில் நடவு என்று ஆட்களுக்குச் சொல்லியனுப்புவது அதில்தான். கூலிப் பணம் பாங்கியில் ஏறிவிட்டதா என்று பார்ப்பதும் அதில்தான். இரவு ஷிப்டுக்குப் போகும் மில் தொழிலாளர்களில் சிலர் மின்சார ஸ்கூட்டரில் போகிறார்கள். நடுநிசியில் மடை திறக்கப் போகிறவர் நெற்றியில் டார்ச் விளக்கைக் கட்டிக்கொண்டு போகிறார். இவற்றுக்கெல்லாம் உயிர் கொடுப்பது லித்தியம் பாட்டரி.

விஞ்ஞானம் மனித குலத்துக்கு அளித்த அருமையான சாதனங்களில் இதுவும் ஒன்று. 1970-களில் விட்டிங்ஹாம் தொடங்கிய ஆராய்ச்சியை 1980-ல் குட்இனஃப் முன்னே கொண்டு சென்றார். 1985-ல் ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோ அதை நடைமுறைக்கு ஏற்ற வடிவத்தில் செய்து காட்டினார். 1991-ல் அது கடைக்கு வந்தது. மூவருக்கும் 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. விஞ்ஞானத்தின் மீதோ யந்திரத்தின் மீதோ தொழிலாளி வர்க்கத்துக்குப் பகை கிடையாது. அந்த விஞ்ஞானம் யார் கையில் சிக்கி என்ன பாடுபடுகிறது என்பதுதான் நமது கேள்வி.

பாட்டரி வெடித்து வீடு எரிந்தது என்று செய்தி வரும்போதெல்லாம் ஒரே பல்லவியைப் பாடுகிறார்கள். "சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார்", "மட்டமான சார்ஜரை உபயோகித்தார்", "எல்லாம் கவனக்குறைவு". இப்படிச் செத்தவர் தலையிலேயே பழியைப் போட்டுக் கதையை முடித்துவிடுகிறார்கள். அந்தப் பாட்டரியைச் செய்தவர் யார், சோதித்துப் பார்த்தவர் யார், விற்க அனுமதி கொடுத்தவர் யார் என்று கேட்பாரில்லை. நாம் கேட்கிறோம். கேட்பதற்கு முன்னால், இந்தத் தீ எப்படிப் பிறக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம்.

பாட்டரிக்குள்ளே என்ன நடக்கிறது?

லித்தியம் பாட்டரிக்குள் இரண்டு மெல்லிய தகடுகள் இருக்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று தொடாமலிருக்க நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள். அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் 50-ல் ஒரு பங்குதான். இவற்றை ஊறவைத்திருக்கும் திரவமோ எளிதில் தீப்பற்றும் திரவம். அந்தத் தாள் எங்கேனும் கிழிந்தால் இரண்டு தகடுகளும் உரசிக்கொள்கின்றன. சூடு பிறக்கிறது. சூட்டினால் தாள் உருகுகிறது. உருகியதும் சூடு இன்னும் ஏறுகிறது.

கிராமத்துத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஈரம் காயாத வைக்கோலைப் போராக அடுக்கினால் உள்ளே புழுங்கிப் புழுங்கி, வெளியே ஒன்றும் தெரியாமலே, ஒரு நாள் தானாகப் புகைய ஆரம்பிக்கிறதல்லவா? அங்கே பல நாளில் நடப்பது இங்கே சில விநாடிகளில் நடந்துவிடுகிறது. அதோடு இன்னொரு விபரீதமும் உண்டு. பல ரகப் பாட்டரிகளில், சூடேறிய தகடு தானே பிராணவாயுவை வெளிவிடுகிறது. ஆகவே சாக்கைப் போட்டு மூடினால் இந்தத் தீ அடங்குவதில்லை. ஒரு பாட்டரியின் தீ பக்கத்துப் பாட்டரிக்குத் தாவும். புகையிலே விஷ வாயுக்கள் கலந்திருக்கும். அணைந்துவிட்டது என்று நினைத்த பிறகும், பல மணி நேரம் கழித்து மறுபடி பற்றும். பஞ்சுக் குடோனில் பேல் தீயை அணைத்த மில் தொழிலாளர்களுக்கு இந்தக் குணம் நன்றாகத் தெரியும்.

சரி, அந்தத் தாள் ஏன் கிழிகிறது? கீழே விழுந்து நசுங்கினால் கிழியலாம். அளவுக்கு மீறி சார்ஜ் ஏறினால் கெடலாம். கடும் வெயிலிலும் சூட்டிலும் உருகலாம். ஆனால் செய்கிற இடத்திலேயே உலோகத் தூசி உள்ளே விழுந்தாலும், பற்றவைத்த இடத்தில் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தாலும், தகட்டின் ஓரம் மடங்கினாலும் கிழியத்தான் செய்யும். இந்தக் கடைசிக் குறையை, வாங்குகிறவர் எத்தனை கவனமாக இருந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. பாட்டரி பெட்டிக்குள் முத்திரையிட்டு அடைபட்டுக் கிடக்கிறது.

யாருடைய கவனக்குறைவு?

2016 ஆகஸ்டில் சாம்சங் கம்பெனி நோட் 7 என்ற விலையுயர்ந்த செல்போனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சில நாட்களிலேயே போன்கள் தீப்பிடித்தன. செப்டம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டு, வேறொரு கம்பெனியின் பாட்டரி போட்ட போன்களை மாற்றிக் கொடுத்தார்கள். அவையும் தீப்பிடித்தன. அக்டோபரில் அமெரிக்காவில் புறப்படவிருந்த விமானத்தில் மாற்றிக் கொடுத்த போன் ஒன்று புகைந்து, பிரயாணிகளை இறக்கவேண்டியதாயிற்று. அதே மாதம் 11-ம் தேதி அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள்.

2017 ஜனவரியில் அந்தக் கம்பெனியே வெளியிட்ட முடிவு என்ன? முதல் ரகத்தில் பாட்டரியின் மூலையில் தகடு வளைந்திருந்தது. இரண்டாவது ரகத்தில் பற்றவைத்த இடத்தில் பிசிறு இருந்தது. சிலவற்றில் போடவேண்டிய காப்பு நாடாவே போடப்படவில்லை. இதில் வாங்கியவர் செய்த குற்றம் எங்கே? உலகத்திலேயே பெரிய கம்பெனிகளில் ஒன்று, ஒன்றுக்கு இரண்டு தடவை தவறிய விஷயத்தில், சந்தையில் முந்நூறு ரூபாய்க்கு விற்கும் டார்ச் விளக்கை வாங்கிய விவசாயத் தொழிலாளியைப் பார்த்து "நீ கவனமாக இருந்திருக்க வேண்டாமா" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

ஹ்வாசோங்கில் மடிந்த 23 பேர்

பாட்டரியை உபயோகிப்பவர் நிலை இப்படி. அதைச் செய்கிற தொழிலாளியின் நிலையைப் பாருங்கள்.

தென் கொரியாவில், சியோலுக்குத் தெற்கே ஹ்வாசோங் என்ற நகரம். அங்கே அரிசெல் என்ற கம்பெனி, ஒரு தடவை உபயோகித்துவிட்டுப் போடுகிற ரக லித்தியம் பாட்டரிகளைச் செய்து ராணுவத்துக்கு சப்ளை செய்துவந்தது. 2024 ஜூன் 24-ம் தேதி காலை பத்தரை மணி சுமாருக்கு, மாடியில் அடுக்கி வைத்திருந்த பாட்டரிகளில் ஒன்று புகைந்தது. அந்த மாடியில் சுமார் 35,000 பாட்டரிகள் இருந்தன. தொழிலாளர்கள் பக்கத்துப் பெட்டிகளை இழுத்து நகர்த்திப் பார்த்தார்கள். தீயணைக்கும் கருவியை அடித்துப் பார்த்தார்கள். ஒரு நிமிஷத்துக்குள் அறை முழுவதும் புகை சூழ்ந்துவிட்டது. 23 பேர் மாண்டார்கள். அவர்களில் 18 பேர் பிழைப்புத் தேடி வந்த அயல்நாட்டுத் தொழிலாளர்கள். 17 பேர் சீனாவிலிருந்து வந்தவர்கள், ஒருவர் லாவோஸ் நாட்டவர். இறந்தவர்களில் பலர் பெண்கள்.

போலீஸ் விசாரணையில் வெளிவந்த விவரங்கள் நெஞ்சைப் பிளக்கின்றன. ராணுவத்துக்குக் கொடுக்கவேண்டிய சரக்கு தரப் பரிசோதனையில் தேறவில்லை, கெடு நெருங்கியது. உடனே ஒரு நாளைக்கு 5,000 பாட்டரி என்று இலக்கு வைத்து விரட்டினார்கள். ஆள் சப்ளை செய்யும் ஏஜென்சி மூலம் அனுபவமில்லாத தொழிலாளர்களைக் கொண்டுவந்து வேலையில் இறக்கினார்கள். குறையுள்ள பாட்டரிகள் பெருகின. அதற்காக வேலை நிற்கவில்லை. தீ விபத்துக்கு இரண்டு நாள் முந்தித்தான் அதே ஆலையில் ஒரு பாட்டரி தீப்பிடித்தது. தாங்களே அணைத்துவிட்டு, வெளியே தெரிவிக்காமல் உற்பத்தியைத் தொடர்ந்தார்கள். தப்பிப் போகும் வழியிலிருந்த கதவுகளில் சில தவறான பக்கம் திறந்தன. சில அடையாள அட்டையோ விரல் ரேகையோ இல்லாமல் திறக்கவே திறக்காது. அந்த வழி எங்கே போகிறது என்று தொழிலாளர்களுக்கு முறையாகச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

தோழர்களே, அந்த 23 பேரைக் கொன்றது லித்தியம் என்ற உலோகம் மட்டுமா? கெடு, இலக்கு, காண்டிராக்ட், பூட்டிய கதவு ஆகிய நான்கும் சேர்ந்து கொன்றன. இந்த நான்கையும் நமது மில்களில் நாம் பார்த்ததில்லையா?

2025 செப்டம்பர் 23-ம் தேதி சுவோன் மாவட்ட நீதிமன்றம், முதல் விசாரணையில், அந்தக் கம்பெனித் தலைவருக்கு 15 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. கொடிய விபத்துக்கு முதலாளியையே நேரடியாகப் பொறுப்பாக்கும் சட்டம் அந்த நாட்டில் 2022 ஜனவரியில் அமலுக்கு வந்திருந்ததே இதற்குக் காரணம். அந்தச் சட்டத்தை யாரும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. 2018 டிசம்பரில் தேயான் அனல்மின் நிலையத்தில் 24 வயது காண்டிராக்ட் தொழிலாளி கன்வேயரில் சிக்கி இறந்தார். அவருடைய தாயும், வேலையிலே பிள்ளைகளைப் பறிகொடுத்த மற்றக் குடும்பங்களும், தொழிற்சங்கங்களும் வீதியில் இறங்கினார்கள். நாடாளுமன்றத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தார்கள். அப்படிப் போராடி வாங்கிய சட்டம் அது.

கருவி தொழிலாளியுடையது, லாபம் கம்பெனியுடையது

கடல் கடந்து நியூயார்க்கைப் பாருங்கள். அங்கே வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலாளர்கள் மின்சார சைக்கிளில் ஓடுகிறார்கள். சைக்கிளையும் பாட்டரியையும் கம்பெனி தருவதில்லை, அவர்களே வாங்கவேண்டும். ஒரு நாள் முழுக்க ஓட ஒரு பாட்டரி போதாது. கையில் காசில்லாதவர் என்ன செய்வார்? சோதனை முத்திரை இல்லாத மலிவுப் பாட்டரியை, பழைய செல்களைக் கோத்துச் செய்த பாட்டரியை வாங்குகிறார். நாலு பேர் நெருக்கிப் படுக்கும் அறையில் வாசற்படி ஓரமாக சார்ஜ் போடுகிறார். 2023-ம் ஆண்டில் மட்டும் அந்த நகரத்தில் லித்தியம் பாட்டரியால் 268 தீ விபத்துகள் நடந்தன. 18 பேர் மாண்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து, சோதனை முத்திரை பெறாத மின்சார சைக்கிளையும் பாட்டரியையும் விற்கக்கூடாது என்று நகரச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டும் தீ விபத்துகளின் எண்ணிக்கை குறையவில்லை. ஆனால் சாவு 6 ஆகக் குறைந்தது. முத்திரையில்லாத பழைய சரக்கு புழக்கத்தில் இருக்கும்வரை, தொழிலாளி தன் காசிலேயே பாட்டரி வாங்கவேண்டிய நிலை இருக்கும்வரை, ஆபத்தும் நீடிக்கத்தான் செய்யும்.

நமது நாட்டில்

நமது நாட்டுக்கும் இந்தத் தீ வந்துவிட்டது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் பற்றியெரிந்து, புகையில் மூச்சடைத்து ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில், கீழே மின்சார ஸ்கூட்டர் ஷோரூம், மேலே லாட்ஜ் என்றிருந்த கட்டிடத்தில் தீப்பிடித்து 8 பேர் மடிந்தார்கள்.

இப்படி உயிர்கள் போன பிறகுதான் மத்திய சர்க்கார் விழித்துக்கொண்டது. மின்சார வாகனப் பாட்டரிகளுக்குக் கடுமையான சோதனை விதிகள் 2022 டிசம்பரிலிருந்து அமலுக்கு வரத் தொடங்கின. விதி வந்ததை வரவேற்கிறோம். ஆனால் விதியைப் போடும் அதே கை இன்னொரு பக்கம் என்ன செய்கிறது? 2025 நவம்பர் 21-ம் தேதி அமலுக்குக் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், "தொழிற்சாலை" என்பதற்கான அளவையே மாற்றிவிட்டார்கள். 1948-ம் ஆண்டுச் சட்டப்படி, மின்சக்தி உபயோகிக்கும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. இப்போது 20 பேர் வேண்டும். பழைய செல்களைக் கோத்துப் பாட்டரி செய்யும் பட்டறையில் 15 பேர் வேலை செய்தால் அது இனி தொழிற்சாலையே அல்ல! ஆபத்தான சரக்கு வெளிவரும் இடத்திலேயே கண்காணிப்பு தளர்ந்தால், கடையில் ஒட்டிய முத்திரையை எப்படி நம்புவது?

நம் கையில் இருப்பது

முதலாளியின் குற்றத்தைச் சொல்லிவிட்டு நாம் சும்மா இருந்துவிட முடியாது. சட்டம் வரும்வரை உயிர் காத்திருக்காது. ஒவ்வொரு வீட்டிலும், மில் விடுதியிலும், சங்கக் கூட்டத்திலும் இந்த விஷயங்களைப் பேசவேண்டும்.

செல்போனைத் தலையணைக்கு அடியிலோ படுக்கையிலோ வைத்து சார்ஜ் போடாதீர்கள். சூடு வெளியேற வழி வேண்டும். அந்தந்தச் சாமானுக்கு உரிய சார்ஜரையே உபயோகியுங்கள்.

பாட்டரி உப்பினால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், மறுபடி சார்ஜ் போடாதீர்கள். கீழே விழுந்து நசுங்கிய பாட்டரியையும், மழை வெள்ளத்தில் நனைந்த பாட்டரியையும் இப்படியே ஒதுக்குங்கள்.

வெயிலில் ஓட்டி வந்த ஸ்கூட்டரை, சூடு ஆறிய பிறகே சார்ஜில் போடுங்கள். வாசல் வழியிலும் மாடிப்படிக்குக் கீழேயும் போடவே வேண்டாம். அங்கே தீப்பிடித்தால் வெளியே ஓட வழியிருக்காது. எல்லோரும் தூங்கும் நேரத்தில் சார்ஜ் போடுவதைத் தவிர்த்துவிடுங்கள்.

டார்ச் விளக்கின் உதிரி பாட்டரிகளைச் சாவியோடும் சில்லறையோடும் பையில் போடாதீர்கள். பழைய செல்லையும் புதிய செல்லையும் சேர்த்துப் பற்றவைத்துத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள்.

புகை வந்தால் சாமானைக் காப்பாற்ற நிற்காதீர்கள். ஆட்களை வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு, 101-க்கோ 112-க்கோ கூப்பிடுங்கள். அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

தீர்ந்துபோன பாட்டரியைக் குப்பையில் எறியாதீர்கள். அதைக் கையால் அள்ளுகிறவர் நமது துப்புரவுத் தொழிலாளி. பழைய பாட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ம் ஆண்டு விதிகள் உற்பத்தியாளர் மீதே சுமத்தியிருக்கின்றன. கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள்.

நமது கோரிக்கைகள்

இவ்வளவையும் சொல்லும்போதே ஒரு தோழர் கேட்பார்: "ஒற்றை அறை வீட்டில், ஐந்து பேர் படுக்கும் இடத்தில், தனி இடத்துக்கு எங்கே போவது? பகலெல்லாம் உழைத்துவிட்டு, இரவில் தூங்காமல் சார்ஜுக்குக் காவல் இருக்கவா?" கேள்வி நியாயமானது. எச்சரிக்கை மட்டும் ஏழையைக் காப்பாற்றாது. ஆகவே நாம் கோருகிறோம்:

1. மில் கேட்டிலும், தொழிலாளர் குடியிருப்புகளிலும், சாப்பாடு விநியோகக் கம்பெனிகளின் செலவில் நகரங்களிலும், காற்றோட்டமான பொது சார்ஜ் கொட்டகைகள் அமைக்கப்பட வேண்டும்.

2. மில் விடுதிகளில் இரவில் வெளிக்கதவைப் பூட்டும் வழக்கம் ஒழிய வேண்டும். ஒரே பலகையில் பத்துப் போன்களைச் செருகும் நிலை மாறவேண்டும். தப்பிப் போகும் வழியைத் தமிழோடு, பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தோழர்களுக்குப் புரியும் மொழியிலும் எழுதிக் காட்டிச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

3. வாகனத்துக்கு மட்டுமல்லாமல், டார்ச், மருந்தடிக்கும் கருவி முதலிய மலிவுச் சாமான்களின் பாட்டரிகளையும் சர்க்கார் கடையிலிருந்தே எடுத்துச் சோதிக்க வேண்டும். குறை கண்டால், செய்த கம்பெனி தன் செலவில் திரும்பப் பெற்று நஷ்டஈடு தரவேண்டும்.

4. எத்தனை பேர் வேலை செய்தாலும், பாட்டரி செய்யும், அடுக்கும், உடைக்கும் இடம் ஒவ்வொன்றும் தொழிற்சாலைச் சட்டத்தின் கண்காணிப்புக்குள் வரவேண்டும்.

5. தொழிலாளி சாவுக்குக் காரணமான முதலாளியை நேரடியாகக் கூண்டில் ஏற்றும் சட்டம் நமது நாட்டிலும் வேண்டும்.

பாட்டரிக்குள் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய தாள் காவல் காக்கிறது. தொழிலாளியின் உயிருக்கும் முதலாளியின் லாபத்துக்கும் நடுவே காவல் காப்பது சட்டம். அந்தச் சட்டத்தைக் கிழிய விடாமல் காக்கும் சக்தி சங்கத்துக்குத்தான் உண்டு. இந்த வாரம் உங்கள் கிளைக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளை விவாதித்துத் தீர்மானம் போடுங்கள். உங்கள் மில்லின் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, யார் கையில் சாவி இருக்கிறது என்பதை இன்றைக்கே போய்ப் பாருங்கள்.